தெரிந்த பின் இருபத்தேழு நாள்

ஜூன் 3, செவ்வாய்

அக்காவின் இரத்த அழுத்தத்தைத் தினமும் குறித்துவரும்படி டாக்டர் ஷமீலா சொன்னதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். முதலில் விவரங்கள். அக்கா பெயர் சொர்ணபாய், வயது அறுபத்தெட்டு, ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை. அத்தான் இறந்த பிறகு, பதினோரு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் என் வீட்டில் இருக்கிறாள். மகள் பியூலா மதுரையில். நான் மணமாகாதவன், முப்பத்து நான்கு ஆண்டுகளாக சிவில் வழக்கறிஞர். அக்காவுக்குச் சர்க்கரை உண்டு, அழுத்தம் உண்டு. சிறுநீரகம் சற்றே பலவீனம் என்று 2023ஆம் ஆண்டுப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. அது கோப்பில் இருக்கிறது. இன்று காலை அழுத்தம் 164/92.

உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். எப்படிக் குறைப்பது என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளி கதவைத் திறந்துவிட்டார்.

உணவு பற்றிய செய்திகளை நான் எளிதில் நம்புகிறவனல்ல. தேங்காயெண்ணெய் ஒரு பத்தாண்டு குற்றவாளி, அடுத்த பத்தாண்டு நிரபராதி. முட்டையின் மஞ்சள் கரு என் கணக்கில் மூன்று முறை தண்டிக்கப்பட்டு மூன்று முறை விடுதலையாகியிருக்கிறது. இப்படிப்பட்ட செய்திகளைக் கத்தரித்து ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு செய்தியிடமும் மூன்று கேள்விகள் கேட்பேன். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? சோதித்தது மனிதரையா, எலியையா? எத்தனை பேரை, எவ்வளவு காலம்? மதியச் சாப்பாட்டின்போது இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். "அந்தப் பேப்பர்காரனுக்கும் வேற சோலி இல்ல, ஒனக்கும் இல்ல. ரசத்த ஊத்து" என்பாள்.

ஆனால் சென்ற வாரம் வந்த ஒரு செய்தி மூன்று கேள்விகளுக்கும் தாக்குப்பிடித்தது. சோடியம் குறைந்த உப்பு பற்றியது அது. சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சோதிக்கப்பட்டவர்கள் மனிதர்கள், ஆயிரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். உப்பு விற்கிறவர்களின் பணம் அதில் இல்லை. அழுத்தம் குறைந்திருக்கிறது, பக்கவாதமும் குறைந்திருக்கிறது. செய்தியின் மூலத்தைத் தேடிப்பிடித்து இரண்டு மாலைகள் வாசித்தேன். குறை காண முடியவில்லை.

இன்று இரண்டு பாக்கெட் வாங்கி வந்து சமையலறை ஜாடியில் கொட்டினேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். நாக்குக்குப் பழகிய பிறகு சொல்வதே உசிதம் என்று தீர்மானித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

156/90. உப்பு ஏறவே மாட்டேன் என்கிறது என்று அக்கா குறைப்பட்டாள். எவ்வளவு போட்டாலும் சப்பென்று இருக்கிறதாம். பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கிறதாம். வயதானால் நாக்கு மந்தப்படும் என்று சொன்னேன். குழம்பில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். பாதகமில்லாத உப்பு என்பதால் நான் தடுக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

146/86.

ஜூன் 19, வியாழன்

138/84. வாழ்நாளில் ஒரு செய்தியையாவது சரியாக எடைபோட்டிருக்கிறோம் என்ற நிறைவு. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு நாட்களாகக் கால் கனக்கிறது, தன் கால் மாதிரியே இல்லை என்கிறாள். வெயில் கடுமை.

ஜூன் 24, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு அக்கா அடுப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். விழவில்லை; கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. நாடி மிக மெதுவாக இருந்தது. எதிர்வீட்டுக்காரரின் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் பொட்டாசியம் 7.1. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். ஏழுக்கு மேல் போனால் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாமாம். ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். மாலைக்குள் 6.0.

டாக்டர் ஷமீலா என்னைத் தனியே அழைத்துக் கேட்டவற்றைக் கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

"இளநி, வாழப்பழம், கீரை இதெல்லாம் நெறைய எடுத்துக்கிறாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு நெறைய இல்ல, டாக்டர்."

"வீட்ல உப்பு?"

"கொறச்சிருக்கோம்."

"நல்லது" என்று எழுதிக்கொண்டார்.

சாட்சிக் கூண்டில் ஏறப்போகும் கட்சிக்காரர்களுக்கு நான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வந்தது ஒன்றுதான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்; கேள்வி முடிந்த இடத்தில் நீயும் முடித்துக்கொள். இன்று சொன்ன இரண்டு பதில்களிலும் பொய் இல்லை.

ஜூன் 25, புதன்

மாற்றுடை எடுக்க வீட்டுக்கு வந்தேன். சமையலறை ஜாடியைக் கழுவினேன். மீதமிருந்த உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டிவிட்டு, சாதாரண உப்பு வாங்கி நிரப்பினேன்.

காலிப் பாக்கெட்டின் பின்புறம், தயாரிப்புத் தேதிக்குக் கீழே ஒரு வரி இருந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இதை உபயோகிக்கக் கூடாது. அடமானப் பத்திரங்களில் இதைவிடச் சிறிய எழுத்துகளை நான் வாசித்திருக்கிறேன். வாசிக்காமல் கையெழுத்திட்டவர்களைக் கடிந்துமிருக்கிறேன்.

செய்தி பொய்யில்லை. இளம் வக்கீல்கள் யாராவது உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், அந்த வழக்கின் சங்கதிகள் வேறு, நம் வழக்கின் சங்கதிகள் வேறு என்று சொல்லி அனுப்புகிறவன் நான். உடம்பிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது பலவீனம் என்று சொல்லும் காகிதம் என் கோப்பில் என் கையால் துளையிட்டுக் கோக்கப்பட்டிருக்கிறது. பணம் யாருடையது, எலியா மனிதனா, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டேன். அவர்களில் அக்காவைப் போன்றவர்கள் இருந்தார்களா என்று கேட்கவில்லை.

காரணம் நீக்கப்பட்டுவிட்டது. இனி வெளியிடுவதால் நோயாளிக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை என்று கருதுகிறேன். நோயாளியின் மன அமைதியும் முக்கியம்.

ஜூன் 27, வெள்ளி

வீடு திரும்பினோம். பொட்டாசியம் 5.2. சிறுநீரகத்தின் திறன் குறையக் குறைய ஏறும் கிரியாட்டினின் 1.6 இருந்தது, இப்போது 2.1. அக்கா நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த ஓர் அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அது சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரை. ஆனால் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றவும் செய்யும். ஏறியதற்குக் காரணம் தெரியாமல் அதைத் தொடர முடியாதாம்.

பியூலா மதுரையிலிருந்து வந்திருக்கிறாள்.

ஜூன் 28, சனி

காரணம் தெரியவில்லை என்பதைப் பியூலா ஏற்கவில்லை. அவள் கணக்கில் காரணம் அவள் அம்மாவின் நாக்கு. குப்பைக்கூடையில் பழத்தோல் தேடினாள். தெருமுனையில் இளநீர் வெட்டுகிறவரிடம் போய் விசாரித்தாள். டீச்சரம்மா மாதத்தில் இரண்டு மூன்று வாங்கிப் போவார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பி வந்து அம்மாவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். அக்கா, தான் வாங்கியது தம்பிக்கு என்றாள்.

அது உண்மை. கோர்ட்டிலிருந்து வெயிலில் வரும் நாட்களில் அவள் எனக்காக வாங்கி வைப்பாள். அதை உடனே சொன்னேன்.

பியூலா சிரித்தாள். "மாமா, ஒங்க வக்காலத்தெல்லாம் கோர்ட்டோட வச்சுக்கோங்க."

ஜூலை 2, புதன்

அக்காவை அடுப்படிக்கு விடக்கூடாது என்பது பியூலாவின் உத்தரவு. நான் சமைக்கிறேன். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்ததையும், நான் செய்து பார்த்ததையும் இங்கே பதிகிறேன்.

காய்கறியைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட வேண்டும். காய்க்குப் பல மடங்கு தண்ணீர் இருக்க வேண்டும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, வெந்த நீரையும் கொட்ட வேண்டும். பொட்டாசியத்தில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். ருசியும் போகும், சத்து வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் சொல்லப்படும் அறிவுரைக்கு இது நேர் எதிர். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. சோற்றைக் குக்கரில் வைக்காமல் வடித்தேன்.

அன்றைக்கான உப்பைக் காலையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுகிறேன். எல்லாப் பதார்த்தங்களுக்கும் அதிலிருந்துதான். கொதிக்கும்போது போடாமல் இறக்கிய பின் தூவினால் குறைந்த உப்பே நாக்குக்கு எட்டுகிறது. வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும், நல்லெண்ணெயில் சிவந்த பூண்டும், கடைசியில் சில சொட்டு எலுமிச்சையும் உப்பின் குறையைப் பாதி மறைக்கின்றன. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சூப் எல்லாம் நின்றன.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து நான் புடலங்காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி வெட்டுவது போல வெட்டுகிறாயே, ஓரம் தைக்கப்போகிறாயா என்று கேட்டாள். பத்து நாட்களில் அவள் சொன்ன ஒரே வேடிக்கை இது.

ஜூலை 8, செவ்வாய்

பொட்டாசியம் 4.7. சரியான அளவு. பியூலாவுக்குப் போனில் சொன்னேன். கண்காணித்தால் இறங்குகிறது, பார்த்தீர்களா என்றாள். டாக்டரும் அதையே வேறு சொற்களில் சொன்னார். கிரியாட்டினின் 2.2. சிறுநீரில் புரதம் கூடியிருக்கிறது. நிறுத்திய மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாமா என்று கேட்டேன்.

"தொடங்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா மறைச்சுச் சாப்பிடுற பேஷண்டுக்கு அந்த மாத்திரையக் கொடுக்க எனக்குப் பயமா இருக்கு, சார். நாட்டு மருந்து, சத்துப் பொடி, அப்படி ஏதாவது உண்டா?"

"நாட்டு மருந்து, பொடி எதுவும் இல்ல, டாக்டர்."

அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மறைத்துச் சாப்பிடுகிற பேஷண்ட் என்ற இடத்தில் தன் கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

ஜூலை 11, வெள்ளி

ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூட்டு வாங்கி அனுப்பியிருக்கிறாள் பியூலா. மாட்டவில்லை. திருப்பியும் அனுப்பவில்லை.

ஜூலை 16, புதன்

சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அக்கா ஒன்று கேட்டாள்.

"தம்பி, நான் மறந்துபோயி தின்னிருப்பேனோ? சர்க்கர கொறஞ்சா புத்தி மாறும்னு சொல்லுதாவல்லா. எந்திச்சிப் போயி எதையாவது எடுத்துத் தின்னுட்டு, எனக்கே தெரியாம இருந்திருக்குமோ?"

அப்படி இருக்காது என்றேன்.

"பின்ன எப்பிடி ஏறுச்சி? நீயுந்தான் எல்லாத்தையும் வெசாரிக்கிற ஆளு. சொல்லு."

மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

இன்று முழுவதும் ஒரு வழக்கின் எதிருரை தயாரித்தேன். ஒரு பத்திகூட நேராக வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மாலை வீட்டு ஜெபக்கூட்டம். இந்த வாரம் எதிர்வீட்டில். பன்னிரண்டு பேர் இருந்தோம். முடிவில் ஜெப விண்ணப்பம் யாருக்காவது உண்டா என்று கேட்பது முறை. மகனுக்கு வேலை, முழங்கால் வலி, வீட்டு மனைச் சிக்கல் என்று ஒவ்வொருவராகச் சொல்லி வந்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கு நாக்கு அடங்கமாட்டேங்கு. டாக்டர் வேண்டாம்னதத் திருடித் தின்னு எல்லாருக்கும் பாரமா இருக்கேன். தின்னது நெனவுகூட இல்ல. ஆண்டவர் எனக்கு மன்னிக்கணும்னு எல்லாரும் ஜெபிச்சிக்கிடுங்க."

ஜெபித்தார்கள். என் பக்கத்திலிருந்தவர் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். நானும் ஆமென் சொன்னேன்.

ஜூலை 21, திங்கள்

கோர்ட்டுக்குப் போகவில்லை. காலையில் மேசையில் உட்கார்ந்து நடந்ததை வாக்குமூலம் போல எழுதப் பார்த்தேன். நான்கு தாள்கள் கிழிந்தன. ஒவ்வொன்றிலும் நல்லெண்ணம் முதல் வரியிலும் உப்பு கடைசி வரியிலும் வந்து நின்றன.

பதினொன்றரை மணிக்கு அக்கா வாசல் வெளிச்சத்தில் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து சொன்னேன். ஜூன் மூன்றாம் தேதி நான் ஜாடியில் உப்பை மாற்றினேன். உன்னிடம் மறைத்தேன். அதில் பொட்டாசியம் இருந்தது. உன்னை மருத்துவமனையில் போட்டது அதுதான். நீ எதையும் திருடித் தின்னவில்லை.

ஊசி நின்றது. பிறகு கேட்டாள்.

"எத்தன நாளு?"

"இருபத்தொரு நாள். மூணாந்தேதியிலேர்ந்து இருபத்துநாலு வரைக்கும்."

"அதக் கேக்கல. ஒனக்குத் தெரிஞ்ச பொறவு எத்தன நாளு?"

இத்தனை ஆண்டுகளில் எந்த எதிர்த்தரப்பு வக்கீலும் என்னிடம் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. மருத்துவமனையில் பொட்டாசியம் என்ற சொல்லைக் கேட்ட அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை.

"இருபத்தேழு."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து என் பக்கம் வைத்தாள். "எனக்குப் பைத்தியம் புடிச்சிட்டுன்னு நெனச்சேன்ல. எம் பிள்ள எம் மொகத்தப் பாத்து திருடிங்கா, நான் ஆமாங்கேன். நீ மோரு ஊத்தட்டான்னு கேட்ட" என்றாள்.

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கதவருகே போய்த் திரும்பி நின்றாள். "டாக்டர்ட்ட நாளைக்கே சொல்லு. பியூலாட்ட இப்பவே சொல்லு. பொறவு, நான் எங்க எந்திச்சி நின்னு சொன்னேனோ, அங்க நீயும் நிக்கணும்."

பியூலாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டாள். "அம்மாட்டக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். அக்கா போனை வாங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

நான் சொன்னதை டாக்டர் ஷமீலா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அந்த உப்பை நிறையப் பேர் உபயோகிக்கிறார்கள், பலருக்கு நல்லதும் செய்கிறது, அதனால்தான் அதைக் கேட்க வேண்டும் என்று தனக்குத் தோன்றவில்லை என்றார். பிறகு, "நான் கேக்கலைங்கிறதுக்காக நீங்களும் சொல்லல" என்றார்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். தன்னிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு டாக்டரை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் அக்கா சுவரிலிருந்த பல்லியைப் பார்த்தாள். மாத்திரை மீண்டும் எழுதப்பட்டது, பாதி அளவில்; வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின் 2.5. நான் சொல்லாமலிருந்த நாட்களில் எவ்வளவு கெட்டது, தானாக எவ்வளவு கெட்டிருக்கும் என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இழந்தது திரும்புமா என்று கேட்டேன். பெரும்பாலும் திரும்பாது என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

ஜெபக்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள், தன் வீட்டிலும் அந்த உப்புதான், இனி என்ன செய்ய என்று கவலையோடு கேட்டார். அவர் வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு உண்டா, அழுத்த மாத்திரை யார் யார் என்ன சாப்பிடுகிறார்கள், டாக்டரிடம் பாக்கெட்டைக் காட்டிக் கேட்டீர்களா என்று விசாரித்தேன். பேப்பரில் வாசித்து வாங்கியதாகச் சொன்னார்.

எனக்காக ஜெபிக்கலாமா என்று போதகர் கேட்டார். அக்கா முந்திக்கொண்டாள். "இன்னைக்கு வேண்டாம்."

ஜூலை 31, வியாழன்

அக்கா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அம்மாவை மதுரைக்கு அழைத்துப்போகப் பியூலா வந்தாள். அக்கா போகவில்லை. தன்னைத் திருடி என்றவளின் வீட்டில் போய் எதைத் தின்பது என்றாள். பியூலா அழுதாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

புதிய ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. தட்டை முன்னால் வைத்ததும் அக்கா சாப்பிடமாட்டாள். "சொல்லு" என்பாள். தட்டிலுள்ள ஒவ்வொன்றிலும் என்னென்ன போட்டேன் என்று நான் சொல்ல வேண்டும். எண்ணெய், கடுகு, கால் தக்காளி, எதையும் விடாமல். முடித்த பிறகே சோற்றைப் பிசைவாள். காலையும் உண்டு, இரவும் உண்டு.

ஆகஸ்ட் 7, வியாழன்

பொட்டாசியம் 4.9. கிரியாட்டினின் 2.5. செய்தித்தாளை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தவில்லை, அதன்மேல் பழி போடுவதாகிவிடும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

138/86. மதியம் வடித்த சோறு, இரண்டு தண்ணீர் மாற்றிய சுரைக்காய்க் கூட்டு, மிளகு ரசம். தட்டை வைத்தேன். அக்கா "சொல்லு" என்று சொல்லவில்லை. கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். முகம் வீங்கியிருந்தது, இந்த வாரம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாளா, கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தாளா, என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

நானே சொன்னேன். கூட்டில் பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி, சீரகம், ஒரு பல் பூண்டு, தேங்காய் இல்லை. ரசத்தில் மிளகு, அரைத் தக்காளி, எலுமிச்சை நாலு சொட்டு. உப்பு இரண்டிலும் சேர்த்துக் கால் ஸ்பூன், சாதாரண உப்பு.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"சோறு ஆறுது. நீயும் உக்காரு" என்றாள்.